பிணவறை வாசலில் உட்காருவதா, பணம் திரட்டிக் கொடுப்பதா?

ஜெராக்ஸ்கடை · சனி, இரவு 10:14

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

டெல்டாப் பக்கம் ஒரு தாலுகா ஊர் எங்களுடையது. தாலுகா ஆபீசுக்கும் ஜி.எச்.சுக்கும் நடுவில் என் கடை. நேற்று மதியம் ஒரு கல்யாண மண்டபத்தில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய இறங்கிய இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவருக்கு 34 வயது, இரண்டு பெண் குழந்தைகள். இன்னொருவன் 22 வயதுப் பையன், கல்யாணம் ஆகவில்லை. முதலில் இறங்கியவரிடமிருந்து குரல் வரவில்லை என்று தூக்கப் போனவன். இருவரும் பட்டியல் சாதி. திங்கட்கிழமை முகூர்த்தம் இருந்ததாம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள்.

உடல்கள் பிணவறையில் இருக்கின்றன. மண்டபத்துக்காரர் ஆள் அனுப்பி, ஆளுக்கு நாலு லட்சம் தருகிறேன், இன்றைக்கே வாங்கி அடக்கம் பண்ணிவிடுங்கள் என்கிறார். காலனிப் பையன்கள் வாங்கக் கூடாது என்கிறார்கள். நாளைக் காலை பேருந்து நிலையத்தில் மறியல். எங்கள் வியாபாரிகள் வாட்ஸாப் குழுவில் இதுவரை 61,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று பாதிப் பேர். மறியலுக்குப் போனால் மண்டபத்துக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று மீதிப் பேர். என் கடை இருக்கும் கட்டடம் அவர் மச்சினருடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குடும்பங்களுக்கு உண்மையில் எது உதவும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டரைபஸ் · சனி, இரவு 10:31

பணத்தைக் கொடுங்கள். மறியல் பண்ணுவதால் செத்தவன் வரப்போவதில்லை. போன வருடம் எங்கள் ஊரில் வேறு ஒரு விஷயத்துக்கு மறியல். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன், ஒன்றே முக்கால் மணி நேரம் வெயிலில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தோம். ஆம்புலன்ஸை விட்டார்கள், ஆட்டோவை விடவில்லை. டயாலிசிஸுக்குப் போகிறவன் எல்லாம் ஆம்புலன்ஸிலா போகிறான்?

வாய்தா · சனி, இரவு 10:52

ஜெராக்ஸ்கடை தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு கேள்வி: எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்களா, என்ன பிரிவு?

இருபது வருடமாக நீதிமன்ற வாசலில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மாதிரிச் சாவில் காவல் நிலையத்தில் முதலில் எழுதுவது 'சந்தேக மரணம்'. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது சி.ஆர்.பி.சி. 174 என்பார்கள், இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். 194. கொஞ்சம் சத்தம் கிளம்பினால் 'அஜாக்கிரதையால் மரணம்' என்று மாற்றுவார்கள், அது பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பி.என்.எஸ். 106. இவை மட்டும் இருந்தால் மண்டபத்துக்காரர் சாயங்காலமே ஜாமீனில் காப்பி குடிக்கப் போய்விடுவார்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை வேறு. ஒன்று, 2013-ஆம் வருடத்து மனிதக் கழிவகற்றும் தொழில் தடைச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவு, செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆபத்தான முறையில் ஆளை இறக்கவே கூடாது என்கிறது. 9-ஆம் பிரிவு தண்டனை: முதல் முறை 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் குற்றங்களில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. இன்னொன்று, எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்தில் 3(1)(j) என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள், பட்டியல் சாதியாரை மனிதக் கழிவகற்றும் வேலைக்கு வைப்பதே குற்றம். 'இது அபாயகரமான சுத்தம்தான், மனிதக் கழிவகற்றல் இல்லை, ஆகவே பொருந்தாது' என்று இன்ஸ்பெக்டர் உங்களுக்கே சட்டம் படிப்பார். அதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும், நீங்கள் எழுதுங்கள் என்று நில்லுங்கள். பிரிவு சேர்ந்துவிட்டால் விசாரணை டி.எஸ்.பி. கைக்குப் போகும்.

உடல் பிணவறையில் இருக்கும்வரைதான் இதெல்லாம் கேட்டால் கிடைக்கும். எரித்துவிட்டு வந்து கேட்டால் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

எட்டரைபஸ் · சனி, இரவு 11:03

அப்போது பிணத்தை வைத்துப் பேரம் பேசச் சொல்கிறீர்கள்.

வாய்தா · சனி, இரவு 11:09

பேரத்தை ஆரம்பித்தது நாலு லட்சம் என்றவர், சார். ராஜஸ்தானில் 2023-இல் உடலை வாங்க மறுப்பதற்கே தண்டனை என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தப் போராட்டத்தால் ஒன்றும் நடக்காது என்றால் இதற்கு ஏன் தனியாகச் சட்டம் போடப் போகிறார்கள்?

கலைச்செல்வி_மதுரை · சனி, இரவு 11:40

நாங்கள் அருந்ததியர். என் சித்தப்பா 2009-இல் இப்படித்தான் போனார், ஒரு தனியார் விடுதியின் தொட்டியில். பெயர் வேண்டாம்.

அன்று ராத்திரியே ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் திணித்து உடலை வாங்க வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் ஐந்து பேர் வந்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கிப் போனார்கள். எஃப்.ஐ.ஆரில் என்ன இருந்தது தெரியுமா? 'தவறி விழுந்து'. வேலைக்கு வந்தவர் இல்லை, அந்தப் பக்கமாக நடந்து போனவர், தொட்டி மூடி திறந்திருந்ததைக் கவனிக்காமல் விழுந்தவர். அவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. நடந்து போகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டா போவான்?

2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993-லிருந்து இப்படி இறந்த எல்லோர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்றது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003-இல் போட்ட வழக்கு அது, தீர்ப்பு வரப் பதினோரு வருடம். சித்தியும் மனுப் போட்டாள். ஒவ்வொரு மேசையிலும் இதே பதில்: 'எஃப்.ஐ.ஆரில் தவறி விழுந்து என்று இருக்கிறதே அம்மா.' அந்த ஒரு வார்த்தையை அழிக்க 2017 வரை ஆனது. மதுரைக்கும் சென்னைக்கும் எத்தனை நடை என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டோம்.

ஜெராக்ஸ்கடை அண்ணா, நீங்கள் எழுதியதில் மண்டபத்துக்காரர் என்ன சொன்னார், பையன்கள் என்ன சொன்னார்கள், வியாபாரிகள் என்ன சொன்னார்கள் எல்லாம் இருக்கிறது. இறந்த 34 வயதுக்காரரின் மனைவி, அந்த அக்கா என்ன சொன்னார்? அந்தப் பையனின் அம்மா?

ஜெராக்ஸ்கடை · ஞாயிறு, அதிகாலை 12:20

உண்மையைச் சொல்கிறேன், நான் கேட்கவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

எஃப்.ஐ.ஆர். பற்றி: நகல் எடுக்க ஒரு பையன் கடைக்குக் கொண்டுவந்தான், பார்த்தேன். 194 மட்டும்தான். 'தொட்டியைப் பார்வையிடச் சென்றபோது மயங்கி விழுந்து' என்று இருக்கிறது.

கலைச்செல்வி_மதுரை · ஞாயிறு, அதிகாலை 12:24

பார்வையிட. சரி.

செவிலியம்மா · ஞாயிறு, காலை 5:50

முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சட்டம் எனக்குத் தெரியாது. பிணவறை வாசல் தெரியும்.

வாசலில் கூட்டம் நிற்கும், மைக் இருக்கும், கொடி இருக்கும், டி.வி.க்காரர் வருவார். அந்தப் பெண் மட்டும் ஓரமாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள். கைக்குழந்தை இருந்தால் பால் கட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஒன்றுக்குப் போக இடம் இருக்காது. புறநோயாளிப் பிரிவு கழிப்பறையை மதியத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள். மலக்குழியில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள், கக்கூஸ் சாவி யாரிடம் என்று தெரியாமல் ராத்திரி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாவி வார்டு நர்ஸ் மேசையில்தான் தொங்கும். போய்க் கேட்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே மறியலா பணமா என்று நீங்கள் பேசி முடிப்பதற்குள், உங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை அங்கே அனுப்புங்கள். தண்ணீர், தயிர்சாதம், ஒரு மாற்றுப் புடவை, ஒரு போர்வை. சாவியை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குவைத்_குமார் · ஞாயிறு, காலை 7:15

அண்ணா, ஜிபே நம்பர் போடுங்கள். இங்கே ரூமில் ஆறு பேர் இருக்கிறோம், முடிந்ததை அனுப்புகிறோம்.

வாய்தா · ஞாயிறு, காலை 7:40

குமார், நல்ல மனசு. ஆனால் பணம் அந்தப் பெண்ணின் சொந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும், இடையில் எந்த அண்ணனும் வேண்டாம். 'உதவித்தொகை பெற்றுக்கொண்டோம்' என்று யாரும் கையெழுத்து வாங்காதீர்கள். அந்தத் தாளே நாளை மண்டபத்துக்காரர் வக்கீல் கையில் சமரச ஆவணமாக வந்து நிற்கும். உங்கள் வியாபாரிகள் குழுவுக்கும் இதையே சொல்லுங்கள்.

தொகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் 10 லட்சமாக இருந்ததை, 2023 அக்டோபர் 20-ஆம் தேதி பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சம், மற்ற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம். எங்களுடைய தொட்டி இல்லையே, தனியார் மண்டபம்தானே என்று அதிகாரிகள் நழுவப் பார்ப்பார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இலேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டது: அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டியில் மூன்று பேர் இறந்த வழக்கில், அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு பொறுப்பானவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

வன்கொடுமைச் சட்டம் சேர்ந்தால் மத்திய அரசின் விதிகளிலேயே மரணத்துக்கு 8.25 லட்சம் நிவாரணம் உண்டு. பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். அதோடு விதவைக்கு மாதம் 5,000 அடிப்படை ஓய்வூதியம், மேலே அகவிலைப்படி. குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் கேட்கலாம். நாலு லட்சத்துக்கு உடலை வாங்கச் சொல்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

டேங்கர்407 · ஞாயிறு, காலை 8:05

எனக்குத் திட்டு விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். செப்டிக் டேங்க் லாரி வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபத் தொட்டி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டுத் தொட்டியில் ஹோஸ் போட்டால் பெரும்பாலும் எல்லாம் வந்துவிடும். மண்டபத்தில் வராது. மேலே உள்ள தண்ணீரை மோட்டார் இழுத்துவிடும், அடியில் மண்டி நிற்கும். மணல், எண்ணெய்ப் பிசுக்கு, வாழை இலை, காகிதத் தட்டு, நாப்கின் எல்லாம் சேர்ந்து களிமண் மாதிரி. அதைக் கரைக்க ஜெட்டில் தண்ணீர் அடித்துத் திரும்ப இழுக்க வேண்டும், ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு லோடுக்கும் காசு. அங்கேதான் மேனேஜர் சொல்வார்: 'எதற்கப்பா இன்னொரு லோடு, ஆளை இறக்கி வாளியில் அள்ளிவிடு, ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தருகிறேன்.' கூட ஒரு குவார்ட்டர்.

இறங்குகிறவன் முட்டை அழுகிய நாற்றம் வருகிறதா என்று பார்த்துத்தான் இறங்குவான். அந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில்தான் தேங்கி நிற்கும், மண்டியைக் கிளறினால் குபுக்கென்று கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற நேரம்தான் ஆளைச் சாய்க்கிற நேரம். அடுத்தவன் தூக்க இறங்குவான், அவனும் போவான். அந்த 22 வயசுப் பையன் அப்படித்தான் போயிருப்பான். தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்க்கிறவனும் இருக்கிறான், மீத்தேன் இருந்தால் அவனோடு சேர்த்து வெடிக்கும்.

2019 வரை நானும் ஆளை இறக்கியிருக்கிறேன். யாரும் சாகவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, அது என் அதிர்ஷ்டம்.

கலைச்செல்வி_மதுரை · ஞாயிறு, காலை 8:22

உங்கள் அதிர்ஷ்டமா, அவர்களுடையதா?

டேங்கர்407 · ஞாயிறு, காலை 8:30

அவர்களுடையது. ஒத்துக்கொள்கிறேன்மா.

வாத்தியார்_திருவாரூர் · ஞாயிறு, காலை 9:10

போராட்டம் வேறு, ஆக்கப்பணி வேறு என்று பிரித்துப் பேசுவது எங்கள் பக்கத்துக்காரனுக்கு வேடிக்கையாக இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலியாக நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதான் காரணம். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுவித்தது. அந்தப் படுகொலைச் செய்தி கேட்டு வந்த காந்தியவாதித் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் பிறகு இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, வங்கிக் கடன் வாங்கி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். பதின்மூவாயிரம் குடும்பங்கள் அளவுக்கு, பெண்கள் பெயரில். 2008-இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. சத்தம் போடாமல் சாதித்தார்கள் என்று சொல்லலாம் அல்லவா?

வாய்தா · ஞாயிறு, காலை 9:34

வாத்தியாரே, பாதிதான் சொல்கிறீர்கள். அந்த நெல்லைக் கூட்டிக் கேட்க கம்யூனிஸ்டுகளின் செங்கொடி விவசாயத் தொழிலாளர் சங்கம் அதற்கு முன்னால் எத்தனை வருடம் அடி வாங்கியது? கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இரண்டு பேரும் சிறைக்குப் போனவர்கள். தொண்ணூறுகளில் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து மறியல் செய்ததும் அவர்கள்தான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதே, அந்த வழக்கின் பெயரே 'எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்'. காலையில் பத்திரப் பதிவு ஆபீஸ், மதியம் மறியல். இதில் சத்தம் போடாதவர் யார்?

வாத்தியார்_திருவாரூர் · ஞாயிறு, காலை 9:41

வாபஸ்.

ஜெராக்ஸ்கடை · ஞாயிறு, மதியம் 3:25

காலையிலிருந்து அங்கேதான் இருந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

செவிலியம்மா சொன்னபடி என் மனைவியும் பக்கத்து டைலர் கடை அக்காவும் ஆறரைக்கே போய்விட்டார்கள். சாவி வார்டில் இல்லை, வாட்ச்மேனிடம் இருந்தது. அந்த அக்கா ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்தார். கலைச்செல்வி கேட்டதை என் மனைவிதான் கேட்டாள். பதில் இது: 'எனக்குப் பணம் வேண்டாம்னு சொல்லல. அவரு பாக்கப் போனாருன்னு எழுதியிருக்காங்களாம். அவரு பாக்கப் போகல, வேலைக்குப் போனாரு. அதை மாத்திக் கொடுத்தா வாங்கிக்கிறேன்.' யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே சொன்னது. பையனின் அம்மா எதுவும் பேசவில்லை. பையனுடைய செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் அவர் மடியில் இருந்தது.

பேருந்து நிலைய மறியல் அரை மணி நேரத்தில் முடிந்தது. எட்டரைபஸ் சார் எழுதியதைப் பையன்களிடம் காட்டினேன். ஒருவன் கோபப்பட்டான், இன்னொருவன் 'கேஸு அங்கே இருக்கும்போது பஸ்ஸை ஏன்டா மறிக்கணும்' என்றான். எல்லோரும் கிளம்பிப் பிணவறை வாசலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இருநூறு பேர் இருக்கும். இரண்டு கட்சிக்காரர்கள் வந்து பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள்.

பதினொரு மணிக்கு தாசில்தார், பன்னிரண்டுக்கு டி.எஸ்.பி. வாய்தா சார் எழுதிய பிரிவுகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து இருபது நகல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தேன். டி.எஸ்.பி. அதை வாங்கிப் பார்த்து, 'யார் அடித்தது' என்றார். நான் பின்னால் நின்றுகொண்டேன், வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்டர் நீங்கள் சொன்னபடியே சட்டம் படித்தார். அந்த அக்கா எழுந்து வந்து, 'வேலைக்குப் போனாருன்னு எழுதுங்க சார்' என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு வாதமே இல்லை.

இரண்டரை மணிக்கு மாற்றிய எஃப்.ஐ.ஆர். வந்தது. 2013 சட்டம் 7, 9, வன்கொடுமைச் சட்டம் 3(1)(j), பி.என்.எஸ். 106. மேனேஜர் கைது. உரிமையாளர் பெயர் இரண்டாவதாக இருக்கிறது, ஆள் ஊரில் இல்லையாம்.

வாய்தா · ஞாயிறு, மதியம் 3:50

நகலை மூன்று இடத்தில் வையுங்கள். அந்த அம்மா வீட்டில் ஒன்று, உங்கள் கடையில் ஒன்று, எனக்கு உள்பெட்டியில் ஒன்று. இனி ஆரம்பிப்பதுதான் வேலை. வாரிசுச் சான்றிதழுக்கு நாளைக்கே இ-சேவையில் போடுங்கள். கல்யாணமாகாத பையனுக்கு வாரிசு அம்மா. சாதிச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு.

குவைத்_குமார் · ஞாயிறு, மாலை 5:10

கணக்கு நம்பர் கிடைத்ததும் சொல்லுங்கள் அண்ணா. 14 பேர் ஆகிவிட்டோம்.

ஜெராக்ஸ்கடை · மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 9:30

மறியலுக்கு வந்த இருநூறு பேரில் இப்போது கூட வருவது நான்கு பேர். குறையாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் பிழைப்பு இருக்கிறது.

இப்போதைய சிக்கல் ஒரு 'ள்'. அந்த அக்காவின் பெயர் ஆதாரில் 'ள்' என்று முடிகிறது, ரேஷன் கார்டில் அந்த 'ள்' இல்லை. வாரிசுச் சான்றிதழைத் திருப்பிவிட்டார்கள். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் அடித்து, நோட்டரி வாங்கி, மறுபடி போட்டிருக்கிறோம். வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய ஆதாரை நகல் எடுத்திருக்கிறேன். ஒரு எழுத்துக்கு இவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிகிறது. வங்கியில் அவருடைய ஜன் தன் கணக்கு முடங்கிக் கிடக்கிறது, குமார் தம்பிகள் அனுப்பிய பணம் திரும்பிப் போய்விட்டது.

இன்னொன்று. கடையைக் காலி பண்ணச் சொல்லி மச்சினர் வாயால் சொல்லியிருக்கிறார். எழுத்தில் வரட்டும், பார்ப்போம்.

எட்டரைபஸ் · வியாழன், இரவு 9:55

மறியல் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் நான் 28 வருடம் வங்கியில் இருந்தவன். இரண்டு வருடம் பரிவர்த்தனை இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். அந்த அம்மா நேரில் போய் கே.ஒய்.சி. படிவம் கொடுத்தால் போதும், திரும்பத் திறப்பதற்குக் கட்டணம் கிடையாது. கிளையில் இன்று வா, நாளை வா என்றால் மேனேஜரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் வேலை நடக்கும். இல்லையென்றால் எனக்குப் போன் பண்ணுங்கள், உள்பெட்டியில் நம்பர் போட்டிருக்கிறேன். கடைக்கு வாடகை ரசீது வைத்திருக்கிறீர்களா?

ஜெராக்ஸ்கடை · வியாழன், இரவு 10:02

இருக்கிறது சார். அதற்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

டேங்கர்407 · வெள்ளி, காலை 6:40

எங்கள் சங்கத்தில் பேசினேன். ஆளை இறக்கச் சொல்கிற பார்ட்டி யாராக இருந்தாலும் லாரியைத் திருப்பிக்கொண்டு வருவது, அந்த இடத்துக்கு வேறு லாரியும் போவதில்லை என்று பதினோரு பேர் ஒத்துக்கொண்டார்கள், நாலு பேர் மாட்டேன் என்றார்கள். அந்த நாலு பேர் போதும் என்பது எனக்கும் தெரியும். தொட்டியில் ஆளை இறக்கினால் புகார் சொல்லும் 14420 என்ற எண்ணை எல்லா லாரியிலும் பின்பக்கம் எழுதியாகிவிட்டது.

கலைச்செல்வி_மதுரை · வெள்ளி, காலை 7:15

அந்த நாலு லாரியின் நம்பரையும் எடுத்து வையுங்கள்.

ஜெராக்ஸ்கடை · எட்டு மாதம் கழித்து, செவ்வாய், இரவு 8:45

நிறையப் பேர் உள்பெட்டியில் கேட்டதால் எழுதுகிறேன்.

வன்கொடுமைச் சட்ட நிவாரணத்தில் முதல் பாதி இரண்டு குடும்பத்துக்கும் வந்துவிட்டது. குற்றப்பத்திரிகை விதிப்படி 60 நாளில் போயிருக்க வேண்டும், ஆறாம் மாதம் போனது. இரண்டாவது பாதி இன்னும் கலெக்டர் ஆபீசில். 30 லட்சத்தில் பையனின் அம்மாவுக்கு 10 லட்சத்துக்குக் காசோலை வந்திருக்கிறது. மீதிக்கு வாய்தா சார் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டிருக்கிறார், ஃபீஸ் வாங்கவில்லை. அக்காவுக்கு ஓய்வூதியம் போன மாதம்தான் ஆரம்பித்தது. வேலை கேட்டு நாலு மனு கொடுத்தாகிவிட்டது. மண்டபத்தில் முகூர்த்தங்கள் நடக்கின்றன.

மனுக்களை அக்காவே கொண்டுவருகிறார். முன்பெல்லாம் தாளை என்னிடம் நீட்டிவிட்டு நிற்பார். இப்போது 'எஃப்.ஐ.ஆர். ரெண்டு, லீகல் ஹேர் ரெண்டு, சார்ஜ் ஷீட் முதல் பக்கம் மட்டும்' என்று எண்ணிச் சொல்கிறார். காசு வேண்டாம் என்றால் கேட்பதில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

செவிலியம்மா · செவ்வாய், இரவு 9:05

வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.

புதியவன்22 · செவ்வாய், இரவு 11:48

சார், இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். விழுப்புரம் பக்கம். இன்று சாயங்காலம் எங்கள் ஊரில் ஒரு அரிசி ஆலைத் தொட்டியில் ஒருவர் இறந்துவிட்டார். ராத்திரியே எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஜெராக்ஸ்கடை · செவ்வாய், இரவு 11:51

தம்பி, உடல் எங்கே இருக்கிறது, வீட்டிலா ஜி.எச்.சிலா? எதிலாவது கையெழுத்து வாங்கிவிட்டார்களா? அவர் மனைவி பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? போன் நம்பரை உள்பெட்டியில் போடுங்கள், நான் தூங்கவில்லை.